கோடி வீட்டுக்காரரின் பரங்கிக்காய்

கோடி வீட்டுக்காரர் வருவதற்கு முன்னால் அவருடைய சைக்கிள் மணி வரும். குவார்ட்டர்ஸ் வரிசை முடிந்து தோட்டத்துக்குத் திரும்புகிற முனையில் ஒரு தண்ணீர் டேங்க் இருந்தது. அங்கே வந்ததும் அடிப்பார். விட்டு விட்டு அடிப்பார். எதிரே ஆள் இருக்காது, மாடு இருக்காது. வெறும் மண் பாதை. அடித்துவிட்டு உடனே வரவும் மாட்டார். இறங்கி நின்று செயினைப் பார்ப்பார். டயரை அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

பிள்ளைகள் அவரை ஐஸ் வண்டி என்றார்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போது எங்களுக்கு ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் லேத்தில் வேலை செய்தார். நான் பக்கத்து வெள்ளானூரில் பிறந்தவள். அப்பாவுக்கு நிலம் இருந்தது. மண்வெட்டி பிடிக்கத் தெரியும், படிப்பு அஞ்சாவதோடு சரி. வரிசையில் எங்களுடையது கடைசிக்கு முந்தின வீடு. அவருடையது கடைசி. அதனால் கோடி வீட்டுக்காரர். தூத்துக்குடி பக்கத்து மனிதர். ஒல்லியாக இருப்பார். தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். செடியைப் பார்ப்பார், இல்லாவிட்டால் தரையைப் பார்ப்பார்.

வரிசைகளுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர் வரைக்கும் நிலம் சும்மா கிடந்தது. குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீசில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வேலைக்காரர் குடும்பங்களுக்குப் பயிர் வைக்கக் கொடுத்தார்கள். ஒரு துண்டு ஒரு வருஷத்துக்கு. மரம் வைக்கக் கூடாது. காய், கீரை மட்டும். இத்தனை பேருக்கும் ஒரே கிணறு. கிணற்றை ஒட்டின துண்டு கிடைத்தவருக்குப் பிரச்சினை இல்லை. இறைத்து வாய்க்காலில் சாய்த்தால் தானே ஓடிப் பாயும். மற்றவர்கள் குடத்தில் தூக்க வேண்டும். சுவரோரத் துண்டு வரைக்கும் தூக்கிப் போய் வந்தால் அன்றைக்கு இடுப்பு நமக்குச் சொந்தமில்லை.

பொங்கல் கழிந்து கம்யூனிட்டி ஹாலில் காய்கறிக் கண்காட்சி வைப்பார்கள். முதல் பரிசு எவர்சில்வர் குடம். குடத்துக்காக யாரும் அலையவில்லை. முதல் பரிசு வாங்கினவர் அடுத்த வருஷத்துக்கு எந்தத் துண்டு வேண்டுமோ அதை முதலில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். கோடி வீட்டுக்காரர் வருஷா வருஷம் முதல் பரிசு, வருஷா வருஷம் கிணற்றடி. பெரும்பாலும் புடலங்காய்க்கு வாங்குவார். நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு, கோல் மாதிரி நேராக இறக்கியிருப்பார். எங்கள் துண்டு சீட்டுப்படி மாறிக்கொண்டே இருக்கும்.

மணி எதற்கு என்று எனக்கு முதல் வருஷமே தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய வெண்டைப் பாத்தியில் பின் வரிசைக்காரி ஒருத்தி குனிந்து மடியில் பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆள் வேலைக்குப் போகாமல் கிடந்த சமயம் அவளுக்கு. டேங்க் பக்கம் மணி அடித்தது. அவள் பதறவில்லை. மடியை இறுக்கிச் சொருகிக்கொண்டு, முள்வேலியில் இருந்த சந்து வழியாக நிதானமாகப் போனாள். அப்புறம் அவர் வந்தார். காம்புகள் பச்சையாக நின்றதைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இப்பத்தான் ஒரு ஆளு பறிச்சிகினு போச்சு. யாருன்னு சொல்லட்டா?"

"நான் கேக்கலியேம்மா."

"நாளைக்கும் வருவாங்கண்ணே."

"வருவாவ. அதுக்குத்தான் மணி."

அவ்வளவுதான் சொன்னார். வேலியில் அந்தச் சந்தையும் அவர் அடைத்ததில்லை. மாடு நுழையாத அளவுக்கு, ஆள் நுழையும் அளவுக்கு விட்டு வைத்திருந்தார்.

ஃபாக்டரியிலும் அப்படித்தானாம். என் வீட்டுக்காரர் சொல்வார். கேன்டீனில் யாராவது டிபன் கேரியரில் ரெண்டு போண்டாவை வீட்டுக்குப் பதுக்கினால், இவர் எழுந்து போய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம். அங்கே பாதுகாப்பு போர்டு ஒன்று மாட்டியிருக்கும். கையுறை அணியவும், கண்ணாடி அணியவும் என்று. அதை வாய்விட்டுப் படிப்பாராம்.

"அந்த போர்டு அவருக்கு மனப்பாடம்மே" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். "ஒருத்தன் தூங்கினா படிப்பாரு, ஒருத்தன் திருடினா படிப்பாரு. மெஷினே கழட்டிகினு போனாலும் படிச்சிகினுதான் நிப்பாரு."

எங்கள் கோழிகள் ரெண்டு தடவை அவர் வீட்டுப் பின்புறத்துக் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டன. தண்டுக்கீரை, அப்போதுதான் முளைவிட்டிருந்தது. நான் கோழியைப் பிடிக்க ஓடினபோது அவர் கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறவரைக்கும் வரவில்லை. மறுநாள் பார்த்தால் பாத்தியைக் கொத்தித் திரும்ப விதைத்திருந்தார்.

அவர் மனைவிதான் வந்தார். அந்த அக்கா வேறு மாதிரி. மனசில் வந்தது வாயில் வந்துவிடும்.

"ஏட்டி, உன் கோழிக்கு நாங்கதான் கீரை போடணுமா? கட்டிப்போடு."

"கட்டிப்போடறேன்க்கா. அண்ணன் ஒண்ணும் சொல்லலியே."

"அந்த மனுசனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. டாக்டரே பாத்துச் சொல்லிட்டாரு. எப்பத் தொறக்கணும்னுதான் தெரியாது."

ஏன் அப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை அக்காவைக் கேட்டேன். கல்யாணம் ஆன நாளாகத் தானும் கேட்பதாகவும், பதில் வந்ததில்லை என்றும் சொன்னார்.

அவரை நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. எங்கள் வரிசையில் ஒருவன் பெண்டாட்டியை அடிப்பான். சத்தம் கேட்டால் நாங்கள் பெண்கள் நாலு பேர் போய்க் கதவைத் தட்டுவோம். ஆண்கள் ஒருத்தர் ரெண்டு பேர் வருவார்கள். கோடி வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் காலையில் குழாயடியில் அந்தப் பெண் வீங்கின முகத்தோடு அவருக்கு எதிரே நின்றாள்.

"அண்ணே, உங்க ஊடு நாலு கதவு தள்ளித்தானே கீது. நேத்து உங்க காதுல வுழலியா?"

அவர் வாளி நிறைந்து வழிந்தது. குழாயை மூடவில்லை. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவள் வாசலில் ஒரு பை கத்தரிக்காய் இருந்தது. அவள் அதை எடுத்து ரோட்டில் கொட்டினாள். "கத்திரிக்கா யாருக்கு வேணும்" என்றாள். அன்றைக்கு அவர் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பார்க்காமல் இருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. அவர் அந்தப் பக்கமாக வந்து, ரோட்டில் கிடந்ததை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கி வைத்துப் போனார்.

பரங்கிக்காய் விஷயம் நடந்த வருஷம் அவருக்குக் குடல் இறக்கம் என்று ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஃபாக்டரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கை ரெண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கிடக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தோட்டத்தில்தான் மனிதர் பழைய மாதிரி இருந்தார். அக்கா கிணற்றில் இறைத்து வாய்க்காலில் ஊற்றுவார். இவர் மடையைத் திருப்பிவிடுவார். கிணற்றடித் துண்டு இருந்ததால் அது நடந்தது. அது போய்விட்டால் அவருக்குத் தோட்டமே இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வருஷம் சீட்டில் எங்களுக்கு அவருக்கு அடுத்த துண்டு விழுந்தது. நடுவில் ஒரு முள்வேலி. ஆடியில் அவர் பரங்கி விதை போட்டார். மழைக்குக் கொடி கிளம்பி வேலிக்கு அடியில் எங்கள் பக்கம் நுழைந்தது. ஐப்பசி வாக்கில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"ஏம்மா, உங்க பக்கம் ஒரு பிஞ்சு வந்து படுத்திருக்கு. திருப்பி இழுத்தா கொடி முறிஞ்சிரும். இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்ண்ணே. அது இன்னா, சோறா கேக்குது?"

"சோறு கேக்காது. தண்ணி நான் இங்கன வேருக்கு ஊத்திக்கிடுதேன். அடியில மட்டும் கொஞ்சம் வைக்கோல் போட்டுருங்க. ஈரம் பட்டா அழுகிரும்."

வெள்ளானூரிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து நான்தான் போட்டேன். மழை பெய்து ஓய்ந்தால் ஈர வைக்கோலை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் போடுவேன். ஒரே பக்கம் படுத்து வெளுத்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி வைப்பேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு, முள்ளுக்கு நடுவே பார்ப்பார். கேட்காமல் எங்கள் பக்கம் ஒரு நாளும் காலை வைத்ததில்லை. மார்கழிக்குள் காய் இரண்டு கையால் அணைத்துத் தூக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. பட்டை பட்டையாக மஞ்சள் ஏறி, பார்க்க ஆசையாக இருந்தது.

என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதிலும் முதலாவதாக வந்ததில்லை. செக்ஷனிலும் அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் அவருக்கு மேலே போயிருந்தார்கள். கண்காட்சிக்கு வருஷா வருஷம் கத்தரிக்காய் கொண்டுபோவார். சும்மா திரும்பி வரும். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கண்காட்சிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது காய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இன்னாமே, இம்மாம் பெருசா கீது. இது யாருளுது?"

"அவங்களுது. உனக்குத் தெரியாதா?"

"யாரு மண்ல கீது?"

"வேரு அந்தப் பக்கம் கீது."

"வேரை யாரு துன்னப்போறா? காய் எங்க கீதோ அங்கதான் பேச்சு. வைக்கோல் போட்டது யாரு? நீதானே?"

"கேட்டுட்டு அறுய்யா. கேட்டா குடுத்துடுவாரு."

"குடுத்துடுவாரு. அதான் கேக்கல" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கொடுத்து வாங்கினால் அது அவர் காய். அதைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க முடியாது.

நான் வேண்டாம் என்றேன். சண்டை போட்டேன். மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். நான் தோட்டத்துக்கு ஓடினேன். என்ன செய்ய ஓடினேன் என்று தெரியவில்லை. அங்கே கோடி வீட்டுக்காரர் வேலி ஓரம் நின்றிருந்தார். எங்கள் பக்கம் வெறும் வைக்கோல் கிடந்தது, நடுவில் குழியாக.

அவர் வைக்கோலைப் பார்த்தார்.

"அறுத்தாச்சாம்மா?"

நான் குனிந்து கலைந்த வைக்கோலைக் கூட்டி அள்ளினேன்.

"காம்போட அறுத்தாவளா? காம்பு இல்லாட்டி சீக்கிரம் கெட்டுப்போகும்."

"காம்போடத்தான்ண்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் புடலைப் பந்தலுக்குப் போனார்.

கண்காட்சியன்று ஹாலில் கூட்டம். வரிசையாக மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். எங்கள் மேஜையில் பரங்கிக்காய். அடுத்த மேஜையில் அவர் புடலங்காயோடு நின்றார். அக்கா வரவில்லை. காய்களைப் பார்த்து மார்க் போட, விவசாயம் படித்த ஒருவரை வெளியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். அவர் எங்கள் மேஜைக்கு வந்து காயைத் தட்டிப் பார்த்தார். காம்பைப் பார்த்தார். சந்தோஷமாகிவிட்டார்.

"நல்லா வந்திருக்கே. இந்தப் பக்கத்து ரகம் இல்லையே இது. விதை எங்க வாங்கினீங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கூட வேலை செய்கிறவர்கள் பின்னால் நின்றார்கள். ஒருத்தன் மெதுவாக, "சொல்லு மாமே, கடையில வாங்கின காயா?" என்றான். சிரிப்பு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். "சார், அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"ஏம்மா" என்று அடுத்த மேஜையிலிருந்து குரல் வந்தது. "அந்த ஓரத்துல பானை இருக்கு பாருங்க, ஒரு டம்ளர் தண்ணி மோந்து கொடுங்க. தொண்டை வறளுது."

ஆபரேஷன் ஆன மனிதர் கேட்கிறார். போகாமல் இருக்க முடியவில்லை. நான் திரும்பி நடக்கும்போது பின்னால் அவர் பேசுவது கேட்டது.

"எங்க ஊரு விதை சார். நான்தான் கொண்டாந்து கொடுத்தேன். கொடுத்தவனுக்கு வரல, பாருங்க, இவுகளுக்கு வந்திருக்கு. வைக்கோல் போட்டு, உருட்டி வச்சு, புள்ள மாதிரி பாத்துக்கிட்டாவ."

நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோடி வீட்டுக்காரர் டம்ளரை வாங்கினார். ஒரு மடக்குதான் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை அவருக்கு.

முதல் பரிசு எங்களுக்கு வந்தது. புடலங்காய்க்கு இரண்டாவது. எங்களைச் சேர்த்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். குடத்தை என் கையில்தான் கொடுத்தார்கள். கீழே அவர் கை தட்டினார். கூட்டம் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

காயை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். காயை நான் அறுக்கவில்லை, அவரும் அறுக்கச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. காம்பு இருந்ததால் கெடவும் இல்லை. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும். பங்குனியில் வெள்ளானூரில் எருமை வைத்திருந்த என் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

துண்டு எடுக்கிற நாளுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தானாக வந்து சொன்னார். "கிணத்தடி வேணாம்னு சொல்லிடறேன்மே. சொவரோரம் போதும்னு கேட்டுக்கறேன். அவரே எடுத்துக்கட்டும்." அவர் அதை மனசாரச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் எல்லோரும் கூடினோம். ஆபீசர் என் வீட்டுக்காரரை முதலில் கூப்பிட்டார்.

"கிணத்தடிதானே?"

"பின்ன, வேற எதைக் கேப்பான் சார்? சொவரோரமா?" என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சுவரோரம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான். அந்தப் பதிலை ஹாலிலேயே கோடி வீட்டுக்காரர் மூடி வைத்துவிட்டார். அவர் கோடி வீட்டுக்காரரைத் தேடினார். அந்த மனிதர் வராந்தா சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஆமா சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

குலுக்கலில் கோடி வீட்டுக்காரருக்குச் சுவரோரம் விழுந்தது. சீட்டைப் பார்த்து மடித்துப் பையில் போட்டார். "நிழல் இருக்கும்" என்றார்.

அவர் அன்றைக்கு மேடைக்கு வந்து, இது என் காய் என்று கத்தியிருக்கலாம். என் வீட்டுக்காரர் தலை குனிந்திருப்பார். நாலு நாள் பேசிவிட்டு ஊர் மறந்திருக்கும். கிணற்றடி அவரிடமே இருந்திருக்கும். அவர் எங்களைக் காப்பாற்றினார். காப்பாற்றினதால் நாங்கள் காயோடு கிணற்றடியையும் சேர்த்து ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டோம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது.

அக்கா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. பேசினது கிணற்றடியில்தான். எங்கள் துண்டாகிவிட்ட இடத்தில் நின்று, சுவரோரத்துக்குக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்.

"பரங்கிக்கா கூட்டு எப்படிட்டி இருந்துச்சு?"

"நாங்க துன்னலக்கா."

"ஏன், உப்புக் கரிச்சிச்சோ?"

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றினார்.

"அன்னைக்கே சண்டைக்கு வாரேன்னு கிளம்பினேன். அந்த மனுசன் கதவை மறிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. அவுக ஏற்கெனவே கூசிப்போய் இருப்பாவ, நீ வேற போகணுமாங்காரு. கூசிச்சாட்டி உனக்கு?"

"கூசிச்சிக்கா."

"நல்லாக் கூசட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கும் வயசாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் கிணற்றடித் துண்டில் கால் வைக்கவில்லை. டூட்டி முடிந்து வந்து தின்பண்டம் ஏதாவது தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். நான்தான் பயிர் செய்தேன். பக்கத்தில் கிணறு இருந்தும் ஒன்றும் சரியாக வரவில்லை. அவர் கேன்டீன் போர்டுக் கதையை மட்டும் அதற்கப்புறம் வீட்டில் சொன்னதே இல்லை.

கோடி வீட்டுக்காரரும் அக்காவும் அதற்கடுத்த வருஷம் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்களும் பிறகு திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினோம். பின்னால் முருங்கை, பப்பாளி, நாலு பாத்தி வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது துரட்டி போட்டு முருங்கைக்காய் இழுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். கத்துவேன். நன்றாகவே கத்துவேன். அவரை மாதிரி இருக்க என்னால் ஆகாது. இருக்க வேண்டும் என்று ஆசையும் இல்லை.

அந்த ஒரு வருஷம் சுவரோரத்தில் அவர் கத்தரியும் வெண்டையும் போட்டார். கேனில் பாதித் தண்ணீர் நிரப்பி சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போவார். ஒரு கையால் வண்டி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். கோடை வந்ததும் செடி தொங்கிவிட்டது. பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை எனக்கு. காலையில் ஃபாக்டரிச் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து போய், எங்கள் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகத் தூக்கி அவர் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் டேங்க் பக்கம் மணி கேட்டது. அவர் காலை நேரத்திலும் வர ஆரம்பித்திருந்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அங்கே வேலியில் இருந்த சந்து வழியாக வந்துவிட்டேன். மறுநாளும் மணி. மறுநாளும் வந்துவிட்டேன். வெண்டைக்காய் பறித்தவள் மடியைச் சொருகிக்கொண்டு போன அதே சந்து. நான் வெறும் குடத்தோடு அதில் குனிந்து போகிறேன். அவர் செயினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் கொடுக்க வந்தவளும் அவருக்கு மணி அடித்து அனுப்ப வேண்டியவள்தான். அப்படி நினைத்தபோது உடம்பு எரிந்தது.

அப்புறம் ஒரு நாள் நான் போகவில்லை.

மணி அடித்தது. நான் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. செயின் பார்க்கிற நேரம் போயிற்று, டயர் பார்க்கிற நேரமும் போயிற்று. மூன்றாம் தடவை அடித்தது. நான் நகரவில்லை. கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினார்.

"திரும்பாதீங்கண்ணே."

நின்றார்.

"பறிக்க வர்றவங்களுக்கு மணி அடிங்க. எனக்கு அடிக்காதீங்க."

"ஐயோ, அப்படி நினைக்கலம்மா. நீங்க சங்கடப்படுவீகளேன்னுதான்."

"சங்கடப்படறேன். படட்டும். என் ஊட்டுக்காரரு அறுத்தது உங்க காய். உங்களைக் கேக்காம அறுத்தாரு. அதனால உங்க கிணத்தடி போச்சு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டுடுங்கண்ணே. திட்டினாலும் சரி."

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். துண்டை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சுவரில் படிக்க ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வலிச்சுதும்மா" என்றார்.

துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சீட்டுல சொவரோரம் வந்துச்சுல்லா, அன்னைக்கு டேங்குக்குப் பின்னால போய் நின்னு அழுதேன். சின்னப் புள்ள மாதிரி. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. உங்க வீட்டுக்காரரை எங்க பாத்தாலும் சைக்கிளை வேற ரோட்டுல திருப்பிருதேன். இன்னைக்கும் அப்படித்தான்."

இத்தனை நாளும் நான் கேட்க நினைத்தது இதைத்தான். கேட்டதும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். லேசாகவில்லை. அவருடைய மன்னிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது மன்னிப்பு இல்லை. வலியை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"வெண்டையில ரெண்டு வரிசை காஞ்சு கெடக்கும்மா" என்றார். "இன்னும் ரெண்டு நடை ஊத்துனா நல்லது."

தன் கஷ்டத்துக்கு என்று அந்த மனிதர் யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நிரப்பிக்கொண்டு வந்தேன். அவர் வேறு வேலை பார்க்கவில்லை. செடியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நான் வரிசை முழுக்க ஊற்றி முடிக்கிறவரைக்கும் நின்று என்னையே பார்த்தார்.

நான்தான் நிமிரவில்லை.